ராம்நதிக் கரையில் பாடக்குறிப்பு: பாணேரில் பயிற்சி ஆசிரியரின் களம்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டுகளாக்கி, பயிற்சி ஆசிரியர் பள்ளியில் பணியாற்ற வேண்டிய காலத்தைக் குறைந்தது 20 வாரங்கள் என வகுத்தன. அதற்கு முன்பே, யஷ்பால் தலைமையிலான குழு உருவாக்கிய 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளி அறிவை வெளியுலக வாழ்வோடு இணைப்பதையே தன் முதல் நெறியாகக் கொண்டிருந்தது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் உள்ளூர்ச் சிக்கலை மையமாகக் கொண்ட பாடம் பிறக்கிறது. அதாவது, மாணவர் அன்றாடம் கண்டு, நுகர்ந்து, சகித்துவரும் ஒரு நிலைமையைக் கேள்வியாக்கி, அதற்கு விடை தேடும் வழியில் அறிவியலையும் கணிதத்தையும் குடிமையியலையும் கற்பிக்கும் முறை.

புனேயின் மேற்குப் புறநகரான பாணேர் இத்தகைய பாடத்துக்கு வளமான நிலம். 1997இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட இந்தக் கிராமம், அருகிலுள்ள ஹிஞ்சவடியின் மென்பொருள் நிறுவனங்கள் வளர வளர அடுக்ககங்களால் நிறைந்தது; பூகாவ் பக்கத்தில் தோன்றி, பாவ்தன், பாஷாண் வழியாக வந்து இப்பகுதியைக் கடந்து முளா ஆற்றில் சேரும் ராம்நதியோ கழிவுநீராலும் கட்டட இடிபாடுகளாலும் குறுகியது. 2010 அக்டோபர் பெருமழையில் அதே நதி பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தது. நதி ஏன் வறண்ட மாதங்களில் நாறுகிறது, ஏன் ஒரே மழையில் கரை மீறுகிறது என்னும் இரு கேள்விகளையும் மாணவர் சேர்த்துக் கேட்கும்போது, மண் உறிஞ்சும் நீர், காங்கிரீட்டில் வழிந்தோடும் நீர், வெள்ளச் சமவெளி, அதாவது ஆறு பெருகும்போது இயல்பாகப் பரவும் தாழ்நிலம், ஆகிய கருத்துகள் பாடநூல் வரையறைகளாக நில்லாமல் தேவையாகின்றன. பாலத்தின் மேல் நின்று நீரின் நிறம், வேகம், அகலம், கரையின் கட்டடங்கள் ஆகியவற்றைக் குறித்துவரச் செய்தாலே போதும். மாசுபட்ட நீரில் மாணவர் இறங்கக் கூடாது, பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் உடன்வராமல் புறப்படவும் கூடாது.

குடிநீர் இன்னும் நுட்பமான பொருள். புனேக்கு நீர் தரும் கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், டேம்கர் ஆகிய நான்கு அணைகளின் மொத்தக் கொள்ளளவு சுமார் 29 டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. இந்த எண் மாணவருக்கு வெறும் ஒலியாகவே இருக்கும். தெருவில் நிற்கும் 10,000 லிட்டர் டேங்கர் லாரியை அளவாகக் கொண்டு கணக்கிட்டால், ஒரு டி.எம்.சி. சுமார் 28 லட்சம் லாரி நீர் எனத் தெளியும். அத்தனை நீர் அருகில் இருந்தும் டேங்கர் ஏன் வருகிறது என்னும் கேள்வியை அதன்பின் ஆசிரியர் எழுப்ப வேண்டியதில்லை. ஆயினும் அதே வகுப்பில் டேங்கர் நீரை விலைக்கு வாங்கும் அடுக்ககக் குழந்தையும், குடத்தோடு வரிசையில் நிற்கும் கட்டடத் தொழிலாளியின் குழந்தையும் அருகருகே அமர்ந்திருக்கக்கூடும். ஆகவே, 'உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் நீர் செலவாகிறது' என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்பது கொடுமையாகும். பெயரற்ற தாள்களில் எழுதி வாங்கி, வகுப்பின் மொத்தத் தரவாக ஆராய்வதே முறை.

இத்தகைய பாடங்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் சறுக்குகின்றன: 'குப்பை போடாதே, நீரை வீணாக்காதே' என்னும் அறிவுரையோடு மணி அடித்துவிடுகிறது. நதியைக் குறுக்கியது பத்து வயதுக் குழந்தையன்று. கழிவுநீர்க் குழாய் எங்கு முடிகிறது, கட்டட அனுமதி யார் தருகிறார், மாநகராட்சியில் எந்தத் துறை பொறுப்பு என்பனவற்றை மாணவர் தேடிக் கண்டு, மராத்தியில் ஒரு மனுவாக எழுதும்வரை பாடம் முழுமையடையாது. இதில் அரசியல் கலந்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். அளந்த தரவோடு எழுப்பப்படும் கேள்வி குடிமையியலே ஆகும்.

பாடத்துக்குப் பின் எழுதும் சிந்தனைக் குறிப்பேட்டில், 'மாணவர் ஆர்வமாகப் பங்கேற்றனர்' என்னும் வழக்கமான வரியை விடுத்து, அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் சொற்களிலேயே பதிவது பயிற்சி ஆசிரியருக்கு மிகுந்த பயன் தரும். எந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நின்றார் என்பதும் அதில் இருக்கட்டும். கல்வியியல் கல்லூரிகள் அந்தக் குறிப்பேட்டுக்கு, அழகாக வரைந்த கற்பித்தல் துணைக்கருவிக்குத் தரும் மதிப்பெண்ணைவிட ஒரு மதிப்பெண்ணேனும் கூடுதலாக வழங்க வேண்டும்.