வெள்ளியங்கிரிக்கு முதல் தடவையா?

கோவையிலிருந்து மேற்கே பூண்டி அடிவாரம் வரை பேருந்து போகிறது. அங்கிருந்து ஏழு மலைகள் ஏற வேண்டும்; ஏழாவது மலையில் இருக்கும் சுயம்பு லிங்கம் வரை ஏறக்குறைய 6 கிலோமீட்டர். "அவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். உச்சி 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஏறுவதற்கு மட்டும் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். வனத்துறை பொதுவாகப் பிப்ரவரியிலிருந்து மே வரைதான் அனுமதிக்கும். அந்த ஆண்டின் தேதியைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஒரு மாதம் முன்பிருந்தே மாடிப்படி ஏறிப் பழகுங்கள். பழனியில் 693 படிகள். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே அதை ஏற முடிந்தால் ஓரளவு தயார் என்று வைத்துக்கொள்ளலாம். இறங்குவதும் படியிலேயே இருக்கட்டும். முட்டியும் தொடையும் பழிவாங்குவது இறக்கத்தில்தான். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்பவே வேண்டாம். 2024-இல் இந்த மலையில் மாரடைப்பும் மூச்சுத்திணறலுமாக அடுத்தடுத்துப் பலர் இறந்தார்கள்.

இனி பை. முதலில் உள்ளே போக வேண்டியது ஒரு காய்ந்த சட்டை. ஸ்வெட்டருக்கே அடுத்த இடம்தான். முதல் தடவை, கோவை வெயிலை நம்பி நான் ஒரே பருத்திச் சட்டையோடு போனேன். ஏறும்வரை வேர்வை, குளிரே தெரியவில்லை. ஆறாவது மலையில் ஆண்டிச் சுனை அருகே பத்து நிமிடம் உட்கார்ந்ததும் ஈரச் சட்டை முதுகில் ஐஸ்கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டது; பல் கிட்டித்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும், காற்று வேறு. உச்சிக்குப் போனதும் சட்டையை மாற்றி, மேலே காற்றுத் தடுக்கும் ஜெர்கினைப் போட்டுக்கொள்ளுங்கள். காதை மூட ஒரு மப்ளர் போதும்.

பெரும்பாலோர் இரவில்தான் ஏறுகிறார்கள். செல்போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள். ஒரு கை தடிக்கு வேண்டும், ஒரு கை பாறைக்கு வேண்டும். தலையில் மாட்டும் டார்ச் வாங்குங்கள். மூங்கில் தடி அடிவாரத்திலேயே கிடைக்கும். "எனக்கெதுக்கு தடி?" என்று வீறாப்பாகப் போகிறவர்கள் திரும்பி வரும்போது அடுத்தவர் தடியை ஏக்கத்தோடு பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

தண்ணீர் இரண்டு லிட்டர். வழியில் சுனைகள் உண்டு, ஆனால் கோடையில் அவற்றை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து கொள்ளுங்கள். தின்பதற்குக் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். பிரியாணியெல்லாம் இறங்கி வந்த பிறகு. பிளாஸ்டிக்கை அடிவாரத்தில் சோதிப்பார்கள், அதனால் தின்பண்டத்தை டப்பாவில் மாற்றிக்கொள்ளுங்கள். பை ஐந்து கிலோவைத் தாண்டினால் எதையாவது எடுத்துவிடுங்கள்.

புது ஷூவோடு வராதீர்கள். ஒரு மாதமாவது பழகியது வேண்டும். இரண்டு நாள் முன்பு கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல் நுனி ஷூவில் மோதி மோதிப் பெருவிரல் நகம் கறுத்துவிடும்.

காட்டுப் பாதை என்பதால் கூட்டத்தை விட்டு விலகாதீர்கள். யானை நடமாட்டம் உள்ள இடம். இறங்கி வந்த மறுநாளுக்கு முன்கூட்டியே லீவு சொல்லிவிடுங்கள். வீடு மாடியில் என்றால் அன்றிரவு கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு பாய் கேட்டு வைப்பது உத்தமம்.