லூபஸ் நோயும் பெண்களின் வாழ்நிலையும்

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல் உடலின் உறுப்புகளையே தாக்குவதைத் தன்னுடல் தாக்குநோய் என்கிறோம். அவற்றுள் ஒன்றான லூபஸ், தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம் எனப் பலவற்றையும் பாதிக்கக்கூடியது. இந்நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோர்க்கு 15 முதல் 45 வயதுக்குள் நோய் தொடங்குகிறது. படிப்பு, வேலை, திருமணம், மகப்பேறு ஆகியவை நிகழும் பருவம் அது. எனவே நோய் ஒன்றாயினும், அதன் சுமை எல்லாப் பெண்களுக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

வெயில் இந்நோயைத் தூண்டும். ஆகவே அதைத் தவிர்க்குமாறு நாங்கள் கூறுகிறோம். அறைக்குள் பணிபுரிபவருக்கு அது எளிது. நாற்று நடுபவருக்கும் சித்தாள் வேலைக்குச் செல்பவருக்கும் அது அன்றைய கூலியை இழப்பதாகும். இத்தகையோர் தம் தொழிலை மருத்துவரிடம் தயங்காமல் கூற வேண்டும். முழுக்கைச் சட்டை அணிதல், தலையையும் கழுத்தையும் துணியால் மூடுதல், உச்சிவேளையில் நிழலில் இருத்தல் என இயன்ற வழிகளைச் சேர்ந்து ஆராயலாம்.

இந்நோயின் அயர்ச்சி வெளியே தெரியாது. அதனால் பல பெண்கள் சோம்பேறி என்னும் பழிச்சொல்லைக் கேட்கின்றனர். துணைக்கு ஆளின்மை, பேருந்துச் செலவு, வீட்டு வேலை ஆகியவற்றால் மருத்துவமனைக்கு வரும் நாளையும் தள்ளிப்போடுகின்றனர். சிறுநீரகப் பாதிப்போ வலியின்றியே வளரக்கூடியது. நுரைத்த சிறுநீர், கால் வீக்கம், உயர் இரத்த அழுத்தம் ஆகியவை அதன் அறிகுறிகள். அவை தோன்றுமுன்பே எளிய சிறுநீர்ப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். ஆதலால், நலமாக உணரும்போதும் குறித்த நாளில் வருவது இன்றியமையாதது.

திருமணத்திற்குப் பின் நோயை மறைப்பதற்காக மாத்திரைகளை நிறுத்திவிடுவோரும் உண்டு. ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். லூபஸ் தொற்றுநோய் அன்று; முகத்தில் தோன்றும் சிவந்த தடிப்பும் பிறருக்குப் பரவாது. இதனைப் புகுந்த வீட்டார் அறிந்தால் மறைக்கும் தேவையே எழாது.

கருச்சிதைவு நேர்ந்தால் பெண்ணை ராசியில்லாதவள் எனப் பழிப்பது பெருங்கொடுமை. லூபஸ் உள்ள சிலரது இரத்தத்தில் காணப்படும் பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் கருச்சிதைவுக்குக் காரணமாகலாம். அவற்றைப் பரிசோதனையால் கண்டறியலாம். ஆஸ்பிரின், ஹெப்பாரின் மருந்துகளால் பலருக்கும் பயன் கிடைக்கிறது. நோய் குறைந்தது ஆறு மாதங்கள் அடங்கியிருந்த பின்னர் கருத்தரிப்பதே நன்று. மைக்கோபீனோலேட் போன்ற மருந்துகள் கருவுக்குத் தீங்கு தருபவை. அவற்றை முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுவினைப் பொதுவாகத் தொடரலாம். எம்மருந்தையும் மருத்துவரைக் கேட்டே மாற்றுக.

குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவன மூன்று: அவர் வலி என்று சொல்லும்போது நம்புங்கள், வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள், பரிசோதனை நாளில் கணவரோ, மாமியாரோ, வேறொருவரோ உடன் வாருங்கள். மருந்துச் செலவோ பயணமோ தடையாயின், மருந்தை நிறுத்துமுன் எங்களிடம் சொல்லுங்கள். மாற்று வழியைச் சேர்ந்தே தேடுவோம்.