அன்றாடப் பேச்சும் அதன் ஆற்றலும்



நாம் வாழும் ஊரின் பெயரிலிருந்தே இப்பாடத்தைத் தொடங்குவோம். 'பத்து காவான்' என்று எழுதிக் காட்டினால், தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் 'பத்து' என்பதை எண் என்று கொள்வார். 'காவான்' என்பதற்குக் 'காக்கமாட்டான்' என்று பொருள் கூறுவார். மலாய்மொழி அறிந்தவர்க்கோ 'பத்து' என்றால் கல். 'காவான்' என்றால் நண்பன். ஒலி ஒன்றுதான். ஆயினும் ஒருவர் செவியில் அது காவாதவனைக் குறிக்கிறது. மற்றொருவர் செவியில் தோழனைக் குறிக்கிறது. சிலாங்கூரிலுள்ள பத்துமலையும் இத்தகையதே. அங்கே பத்து மலைகள் எவை என்று எண்ணிப் பார்ப்போர் உண்டு. அப்பெயரில் 'பத்து' மலாய்ச் சொல். 'மலை' தமிழ்ச் சொல்.

இதனால் நாம் அறிவது யாது? சொல் நம் வாயிலிருந்து புறப்பட்டதனால் மட்டும் செய்தி போய்ச் சேர்ந்துவிடாது. கேட்பவர் செவியில் அது எவ்வாறு பொருள்படுகிறதோ, அதுவே அவருக்குக் கிடைத்த செய்தி. ஆதலின் நன்றாகப் பேசக் கற்க விரும்புவோர், தம் நாவைப் பழக்குவதோடு கேட்பவர் செவியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சொற்களின் பயணம்

நம் மூதாதையர் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய பல மாவட்டங்களிலிருந்து இந்நாட்டுக்கு வந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப்பேச்சைக் கொண்டு வந்தனர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தமையால் அப்பேச்சுகள் கலந்து தோட்டத்துத் தமிழ் உருவாயிற்று. அதனுடன் அண்டை அயலார் சொற்களும் சேர்ந்தன. ரப்பரைக் 'கித்தா' என்கிறோம். இது 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. பால் வடியும் கிண்ணத்தை 'மங்கு' என்கிறோம். இது 'மங்கோக்' என்பதிலிருந்து வந்தது. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் 'பெரட்டு' ஆங்கிலத்தின் 'பரேட்' ஆகும்.

நாம் பெற்றவர் மட்டுமல்லர்; கொடுத்தவரும் ஆவோம். மலாய்மொழியில் வழங்கும் 'கெடாய்' நம் கடை. 'காப்பால்' நம் கப்பல். 'காத்தில்' நம் கட்டில். 'பெத்தி' நம் பெட்டி. 'மோடால்' வணிகத்திற்கு இடும் நம் முதல். 'மெம்பெலாய்' நம் மாப்பிள்ளை. கடையும் கப்பலும் முதலும் சென்றிருப்பதிலிருந்து, தமிழரும் மலாய்க்காரரும் வணிகத்தில் எத்துணை நெருங்கிப் பழகினர் என்பதை உணரலாம்.

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். வேற்றிடத்துச் சொல்லும் தமிழில் வந்து வழங்கும் என்பதை அவர் அன்றே கண்டறிந்து இடம் கொடுத்தார். ஆகவே, பிறமொழிச் சொல் கலந்திருப்பதனாலேயே தோட்டத்துப் பேச்சு தாழ்ந்தது என்று கூறுதல் பொருந்தாது.

ஏவலும் வேண்டுகோளும்

வினைச்சொற்களில் 'ஏவல்' என்றொரு வகை உண்டு. 'வா, போ, எடு, தூக்கு' என்பன ஏவல் ஒருமை. 'வாருங்கள், போங்கள்' என்பன ஏவல் பன்மை. மதிப்புக் கருதி ஒருவருக்கும் இவை வழங்கும். 'வருக, வாழ்க' என்பன வியங்கோள்.

தோட்டத்தின் பழைய வாழ்க்கையை நோக்கினால், அங்கே பெரும்பாலும் வழங்கியது ஏவல் ஒருமையே. கங்காணி வழியாக ஆள் திரட்டி அனுப்பும் முறை, 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும் வரை நடைபெற்றது. துரைமார் தம்மிடம் வேலை செய்வோரிடம் பேசுவதற்குத் தமிழ் கற்றனர். இலங்கைத் தோட்டத் துரைமார்க்கென 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே ஒரு கையேடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. வேலை வாங்குவதற்காகக் கற்ற தமிழ் ஏவலிலேயே நின்றது. தந்தை வயதுடைய தொழிலாளியையும் இளந்துரை 'வா' என்றும் 'போ' என்றும் அழைத்தார்.

'கூலி' என்னும் சொல்லையே பாருங்கள். தமிழில் அது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். அதுவே ஆங்கிலத்தில் உழைப்பவனின் பெயராகவும் பின்னர் இழிசொல்லாகவும் மாறிற்று என்று அறிஞர் பலர் கருதுவர். 'தம்பி' என்பது பாசமிக்க உறவுச்சொல். இந்நாட்டு அலுவலகங்களில் ஒரு காலத்தில் அது எடுபிடி ஆளை அழைக்கும் சொல்லாயிற்று. ஜார்ஜ் டவுனில் 1801-ஆம் ஆண்டில் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பெயரில் 'கிளிங்' என்பது தென்னிந்தியரைக் குறிக்கும். சமூகத் தலைவரின் பட்டத்தோடு சேர்ந்து மதிப்புடன் நிற்கிறது. இன்று அதே சொல்லைத் தெருவில் ஒருவரை நோக்கி வீசினால் அது வசையாகும். சொல்லின் பொருளை அகராதி மட்டும் முடிவு செய்வதில்லை. சொல்பவர் யார், கேட்பவர் யார், எந்தக் குரலில் சொல்லப்பட்டது என்பனவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

ஏவல் ஒருமை எப்போதும் தீயதன்று. தாய் தன் மகனை 'வா' என்பதும், தோழன் தோழனை 'வாடா' என்பதும் அன்பின் வெளிப்பாடுகளே. ஆயினும் நாள் முழுதும் ஏவலையே கேட்டு வீடு திரும்பும் தந்தையும் தாயும், தம்மை அறியாமலே பிள்ளைகளிடமும் ஏவலையே பேசிவிடுகின்றனர். 'எழுந்திரு', 'குளி', 'சாப்பிடு', 'படி', 'தூங்கு' என்பவற்றோடு ஒரு நாளின் பேச்சு முடிந்துவிடுகிறது. கட்டளைக்குக் கீழ்ப்படியலாம், மறுமொழி கூற அதில் இடமில்லை. அவ்வாறு வளர்ந்த பிள்ளை முதலாம் ஆண்டு வகுப்பில் வந்து அமரும்போது, நாம் எதைக் கேட்டாலும் 'ஆமாம்', 'இல்லை' என்பவற்றுக்கு மேல் பேசத் தயங்குகிறது. அறிவுக் குறைவால் அன்று. பேச இடம் பெறாமையால் அது தயங்குகிறது. பெற்றோர்களே, நாள்தோறும் கட்டளையில்லாத கேள்வி ஒன்றேனும் கேளுங்கள். 'இன்று வகுப்பில் எதைக் கண்டு சிரித்தாய்?' என்று கேட்டால், பிள்ளை ஒரு கதையே சொல்ல வேண்டிவரும்.

மலாய்மொழியில் பேசும்போதும் இது நினைவிலிருக்கட்டும். தமிழில் வயதில் மூத்தவரை 'நீ' என்று நாம் அழைப்பதில்லை. ஐயா, அம்மா, அண்ணன், அக்கா என்கிறோம். அவ்வாறே மலாய்க்காரப் பெரியவரை 'எங்காவ்' என்னாது 'பாக்சிக்', 'மாக்சிக்' என்று அழைத்தல் வேண்டும். மலாய்மொழியில் 'மொழி தெரியாதவன்' என்னும் பொருளுடைய தொடர், 'பண்பு அறியாதவன்' என்பதற்கும் வழங்குகிறது. மொழியும் பண்பும் ஒன்றே என அவர்கள் கருதியமை இதனால் விளங்கும்.

நோயைச் சொல்லுதல்

பேச்சின் தேவை மிகக் கடுமையாகத் தோன்றும் இடம் மருத்துவமனை. பாட்டிக்கு மலாய்மொழி போதாது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. இடையில் நிற்பவர் பத்து வயதுப் பேரனோ பேத்தியோ ஆவார்.

நம் பாட்டிமார் நோயைப் பேசும் திறத்தைச் செவிகொடுத்துக் கேட்டதுண்டா? அவர்கள் 'வலி' என்னும் ஒரு சொல்லோடு நிற்பதில்லை. நெஞ்சில் குத்துகிறது என்பர். முட்டியில் குடைகிறது என்பர். வயிறு எரிகிறது, கால் உளைகிறது, கை மரத்துப் போகிறது என்பர். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு துன்பம். நெஞ்சில் குத்துவது வேறு, நெஞ்செரிச்சல் வேறு. பேரன் எல்லாவற்றையும் 'சாக்கிட்' என்னும் ஒரே மலாய்ச் சொல்லால் கூறிவிட்டால், பாட்டி தெளிவாகச் சொன்னதும் மருத்துவருக்கு மங்கலாகவே போய்ச் சேரும். மலாய்மொழியிலும் இதற்குரிய சொற்கள் இல்லாமல் இல்லை. குத்துவதை 'மென்சுசுக்' என்பர். எரிச்சலைப் 'பெடே' என்பர். உளைச்சலைச் 'செங்கால்' என்பர். மரத்துப் போவதைக் 'கெபாஸ்' என்பர்.

இங்கே பிள்ளைக்கு இரண்டு அறிவு வேண்டும். பாட்டியின் தோட்டத்துத் தமிழ் முழுமையாகப் புரிய வேண்டும். மலாய்ச் சொல்லும் தெரிய வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைக் கற்றவன் இவ்வுதவியைச் செய்ய இயலாது.

வீட்டுத் தமிழும் ஏட்டுத் தமிழும்

'சாப்ட்டியா?' என்பது வீட்டுத் தமிழ், 'சாப்பிட்டாயா?' என்பது ஏட்டுத் தமிழ். இவ்விரட்டை வழக்கு தமிழுக்கு நெடுங்காலமாக உண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கற்றறிந்த புலவரும் தம் இல்லத்தில் பேச்சுத் தமிழையே பேசுகின்றனர். வீட்டில் ஏட்டுத் தமிழ் பேசினால் அது நாடக மேடை போலிருக்கும். தேர்வுத்தாளில் வீட்டுத் தமிழ் எழுதினால் மதிப்பெண் குறையும். இரண்டும் வேண்டும், இடமறிந்து வழங்கவும் வேண்டும்.

ஊர் விரைந்து மாறிவருகிறது. தோட்டமாக அறியப்பட்ட பத்து காவானில் இன்று தொழிற்சாலைகளும் புதிய குடியிருப்புகளும் நிறைந்துள்ளன. 2014-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம், 24 கிலோமீட்டர் நீண்டு பத்து காவானைத் தீவிலுள்ள பத்து மாவுங்கோடு இணைக்கிறது. லயங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்ற குடும்பங்கள் பல. புதிய இடத்தில் சில பிள்ளைகள் தாயின் பேச்சைத் 'தோட்டத்துப் பாஷை' என்று கூறி நகைக்கின்றனர். அதைக் கேட்ட தாய் பிறர்முன் வாய் திறக்க அஞ்சுகிறார். பள்ளிக் கூட்டத்திற்கு வந்தாலும் பின்வரிசையில் அமர்ந்து ஒன்றும் கேளாது திரும்புகிறார். பிள்ளையின் படிப்பைப் பற்றி அவர் அறிய வேண்டியதும், அப்பிள்ளையைப் பற்றி நாம் அறிய வேண்டியதும் அந்த அச்சத்தில் நின்றுவிடுகின்றன.

தாய்மார்களே, நீங்கள் பேசும் தமிழ் எமக்கு நன்றாக விளங்கும். இலக்கணம் கருதித் தயங்க வேண்டா. மாணவர்களே, உங்களைத் தாலாட்டிய பேச்சு அது. நீங்கள் எழுதப் படிக்கக் கற்றது அப்பேச்சை அடித்தளமாகக் கொண்டே. அதனை எள்ளி நகைத்தல் நன்றியன்று.

திருவள்ளுவர் பேச்சைப் பற்றி அறத்துப்பாலில் 'இனியவை கூறல்' என்றும், பொருட்பாலில் 'சொல்வன்மை' என்றும் இரண்டு அதிகாரங்களைத் தனித்தனியே அமைத்தார். இனிமை அறம், வன்மை திறம். நெஞ்சில் அன்பிருந்தும் எடுத்துச் சொல்லத் தெரியாதவர் குறை தீராது. சொல்லத் தெரிந்தும் அன்பில்லாதவர் சொல் பிறரைப் புண்படுத்தும்.

மாணவர்க்குப் பயிற்சி

1. பாட்டி, தாத்தா அல்லது அண்டை வீட்டு முதியவரிடம் கேட்டு, தோட்டத்து வேலையைக் குறிக்கும் பத்துச் சொற்களைத் தொகுத்து எழுதுக. அவற்றுள் மலாய்ச் சொற்கள் எவை?

2. 'குத்துகிறது, குடைகிறது, எரிகிறது, உளைகிறது' என்பவற்றின் வேறுபாட்டை வீட்டாரிடம் கேட்டறிந்து வாக்கியத்தில் அமைக்க.

3. 'தண்ணீர் கொடு' என்பதைத் தோழனிடம், தாயிடம், ஆசிரியரிடம், முன்பின் அறியாத முதியவரிடம் எவ்வாறு கேட்பீர்கள்? நான்கையும் உரக்கச் சொல்லிப் பழகுக.

4. ஒரு நாள் முழுதும் உங்கள் தம்பி தங்கையரிடம் ஏவல் ஒருமையில் எத்தனை முறை பேசினீர்கள் என்று எண்ணி வருக. மறுநாள் அவற்றுள் பாதியைக் கேள்வியாக மாற்றிப் பேசிப் பாருங்கள்.

இப்பயிற்சிகளைப் பெற்றோரும் பிள்ளைகளுடன் அமர்ந்து செய்வார்களாயின் பெரிதும் மகிழ்வோம். நற்சொல் நம் இல்லங்களில் பெருகுக. நம் தமிழ்ப்பள்ளி தழைத்தோங்குக.