மலைச்சாலையில் பாரவண்டி: சரக்கு சரியாமல் காக்கும் முறை

தென்காசி, குற்றாலம் வட்டாரத்துக் காய்கறி, தேங்காய், வைக்கோல் முதலியவை செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கு லாரிகளிற் செல்கின்றன. களத்தில் பாரம் ஏற்றுங்கால் காட்டும் கவனமே கணவாயில் உயிரைக் காப்பதாகும். 2024ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 25ஆம் தேதி, நள்ளிரவுக்குப் பின், ஒட்டுப்பலகை ஏற்றி வந்த லாரியொன்று புளியரை எஸ் வளைவில் கவிழ்ந்து, கீழேயுள்ள ரயில்பாதையில் வீழ்ந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். அருகில் வசித்த முதிய தம்பதியர் கைவிளக்கைக் காட்டி, எதிர்வந்த ரயிலை நிறுத்தினர். அவ்விடத்தில் லாரி கவிழ்வது ரயிலுக்கும் அபாயம் என்பது இதனால் விளங்கும்.

சரிவதற்குக் காரணம்

ஓடும் வண்டியிலுள்ள சரக்கு, சென்ற திசையிலேயே செல்ல முற்படும். பிரேக் போட்டால் முன்னும், வளைவில் வெளிப்புறமும், ஏற்றத்திற் பின்னும் நகரும். வேகம் இருமடங்கானால், வளைவில் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். அமெரிக்க நாட்டு விதிப்படி, கட்டுமானம் சரக்கின் எடையில் 100க்கு 80 பங்கு விசையை முன்புறமும், 50 பங்கைப் பக்கங்களிலும் பின்புறமும் தாங்கவேண்டும். அதாவது, 10 டன் பாரம் முன்னே 8 டன் விசையுடன் தள்ளினும் அசையலாகாது.

ஏற்றும் முறை

1. கனமானவற்றை அடியிலும், முன்பலகையை ஒட்டியும், இருபுறமும் எடை சமமாக இருக்குமாறும் வைத்தல் வேண்டும்.

2. மூட்டைகளைச் செங்கற் சுவர்போல் இணைப்பு மாற்றி, இடைவெளியின்றி அடுக்குக.

3. உதிரித் தேங்காயைப் பக்கப் பலகைக்கு மேல் குவியாது வலையால் மூடுக.

4. வைக்கோலை உயர அடுக்கினால் வண்டி எளிதிற் கவிழும். சாரலில் நனைந்தால் எடையும் கூடும். ஆதலின் படுதா அவசியம்.

5. நைந்த கயிற்றை விலக்குக. கூரிய விளிம்புகளிற் சாக்கை மடித்து வைத்துக் கட்டுக.

வழியிற் கவனிக்க வேண்டியவை

குலுக்கத்தாற் பாரம் அமுங்கிக் கயிறு தளரும். மலை ஏறுமுன் செங்கோட்டையிலும், திரும்புங்கால் ஆரியங்காவிலும் நிறுத்தி இறுக்கிக்கொள்ளல் நன்று. இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாறவேண்டும். நியூட்ரலில் ஒருபோதும் இறங்கலாகாது. வேகத்தை வளைவுக்கு முன்பே தணித்தல் வேண்டும். பாரத்தின்மேல் ஆட்களை ஏற்றலாகாது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவின்படி, மிகைப்பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. ஓட்டுபவரேயன்றி, அவ்வாறு ஓட்டச் செய்பவரும் குற்றவாளியாவர். ஒரு நடை வாடகையை மிச்சப்படுத்த எண்ணும் நிலச்சுவான்தார்கள் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன்பே இவற்றைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.