செப்டம்பர் 30-க்குள்: எகனாமிக்ஸ் படிக்க எங்கே மாறுவது?

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜின் இரண்டாம் ஆண்டைத் தொடங்கியிருக்கும் எகனாமிக்ஸ் மாணவர்களுக்கும், அவர்களைவிட அதிகமாகத் தூக்கம் கெட்டிருக்கும் பெற்றோருக்கும் இந்தக் குறிப்பு. டி அன்ஸா, ஓலோனி, டயப்லோ வேலி என்று எங்கே படித்தாலும் விண்ணப்ப நாட்கள் ஒன்றுதான். அடுத்த இலையுதிர் பருவத்தில் யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகத்தில் மூன்றாம் ஆண்டு சேர வேண்டுமானால், 'டேக்' எனப்படும் உத்தரவாத இடத்துக்கான படிவத்தைச் செப்டம்பர் 1 முதல் 30-க்குள் கொடுக்க வேண்டும். பொது விண்ணப்பம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை. கடைசி நாள் சனி, ஞாயிறில் விழும் ஆண்டுகளில் திங்கட்கிழமைக்குத் தள்ளியிருக்கிறார்கள். அதை நம்பி உட்கார வேண்டாம்.

பெர்க்லியா யூசிஎல்ஏவா என்ற பட்டிமன்றத்தை ஒரு வாரம் ஒத்தி வையுங்கள். முதலில் 'அசிஸ்ட்' தளத்துக்குப் போய், உங்கள் கல்லூரியின் பெயரையும் மனதில் உள்ள வளாகத்தின் பெயரையும் கொடுத்து, எகனாமிக்ஸ் மேஜருக்கான பட்டியலை எடுங்கள். ஐந்து வளாகம் என்றால் ஐந்து தாள். திரையில் பார்த்தால் போதாது, அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வையுங்கள். இடப்பக்கம் வளாகம் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு இணையாக உங்கள் கல்லூரியில் உள்ள பாடம். முடித்ததற்குப் பச்சை, இப்போது படிப்பதற்கு மஞ்சள், இன்னும் தொடாததற்குச் சிவப்பு. சில வரிகளில் 'இணையான பாடம் இல்லை' என்று இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். உங்கள் கல்லூரியில் இல்லாத பாடத்தைப் பெரும்பாலும் அங்கே போன பிறகு முடித்துக்கொள்ளலாம்.

மைக்ரோ, மேக்ரோ இரண்டும் எல்லாத் தாளிலும் பச்சையாக இருக்கும். ஆளைத் தள்ளுவது கணக்குதான். கம்யூனிட்டி காலேஜில் கால்குலஸ் இரண்டு வகை: பிசினஸ் மாணவர்களுக்கான சுருக்க வகுப்பு ஒன்று, அறிவியல், பொறியியல் மாணவர்களோடு உட்காரும் முழு வகுப்பு இன்னொன்று. சில வளாகங்கள் சுருக்க வகுப்பை ஏற்கும். யூசிஎல்ஏ எகனாமிக்ஸுக்கு முழுக் கால்குலஸ், அதுவும் இரண்டு கட்டம் தேவை. கிரேடு குறையுமோ என்று பயந்து சுருக்க வகுப்பை எடுத்தவருக்குப் பட்டியலில் சில வளாகங்கள் அப்போதே கழன்றுவிடுகின்றன. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. விண்ணப்பிக்கும்போதுதான் தெரிய வருகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண். நல்ல படிப்பாளி. குவார்ட்டர் முறைக் கல்லூரியில் கால்குலஸ் தொடரின் முதல் பகுதியை முடித்துவிட்டு, கோடையில் நேரம் மிச்சமாகுமே என்று செமஸ்டர் முறைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் பகுதியை எடுத்தாள். இரண்டிலும் ஏ கிரேடு. அக்டோபரில் தாளை விரித்துப் பார்த்தால் இரண்டும் ஒட்டவில்லை. முதல் கல்லூரி மூன்று துண்டாக வெட்டுவதை இரண்டாவது இரண்டு துண்டாக வெட்டுகிறது, நடுவில் ஒரு துண்டு காணோம். குளிர்காலப் பருவத்தில் அதை மறுபடி படித்துச் சரிக்கட்டினாள். அந்தப் பருவத்துக்கு வைத்திருந்த புள்ளியியல் வசந்தத்துக்குப் போயிற்று. ஒரு தொடரை எங்கே தொடங்கினீர்களோ அங்கேயே முடியுங்கள்.

சிவப்பு வரிகளை எல்லாம் அடுத்த வசந்தப் பருவ முடிவுக்குள் முடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாத வளாகத்தின் தாளை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். வலிக்கும், ஆனால் 80 டாலர் மிச்சம். உள்நாட்டு மாணவர்களுக்கு யூசி விண்ணப்பக் கட்டணம் வளாகத்துக்கு 80 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு நான்கு வளாகம் வரை விலக்கு உண்டு. செமஸ்டர் கல்லூரிகளில் அக்டோபரில் தொடங்கும் அரைப்பருவ வகுப்புகள் இருக்கின்றன. ஒரு பாடம் மட்டும் இடிக்கிறது என்றால் அதில் நுழையலாம்.

மீதமுள்ள தாள்களில் எது எட்டும், எது எட்டாது? யூசி தன் தளத்தில் ஒவ்வொரு வளாகம், ஒவ்வொரு மேஜருக்கும் எத்தனை மாற்றல் மாணவர்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, அவர்களின் ஜிபிஏ எந்த எல்லைக்குள் இருந்தது என்று வெளியிடுகிறது. வளாகத்தின் மொத்தச் சதவிகிதத்தைப் பார்க்காதீர்கள், எகனாமிக்ஸ் வரியை மட்டும் பாருங்கள். அந்த எல்லையின் கீழ்முனைக்கும் கீழே உங்கள் ஜிபிஏ இருந்தால் அது ஆசைக் கணக்கு. ஆசைக்கு இரண்டு வளாகம் போதும்.

'டேக்' ஆறு வளாகங்களில் உண்டு: டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோவில் கிடையாது. ஒருவர் ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். அதைப் போட்டதால் மற்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கத் தடை ஏதுமில்லை. உத்தரவாதம் கிடைத்தாலும் அங்கே சேரக் கட்டாயமும் இல்லை. இருந்தும் 'நமக்கு எதுக்கு அது, பெர்க்லி கிடைக்கும்' என்று விட்டுவிடும் வீடுகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். டேவிஸ், இர்வைன் போன்ற இடங்களின் எகனாமிக்ஸ் துறை எந்த வகையிலும் இளப்பமானதல்ல. 'டேக்' போட்டவர்கள் நவம்பர் 30-க்குள் பொது விண்ணப்பத்தையும் அதே வளாகத்துக்கு, அதே மேஜருக்குத் தனியாக அனுப்ப வேண்டும்.

மேஜரின் பெயரிலும் ஒரு பொறி. 'பிசினஸ் எகனாமிக்ஸ்' என்றால் வேலை நிச்சயம் என்று நம் பெற்றோருக்கு ஒரு நினைப்பு. யூசிஎல்ஏவில் அதற்கு அக்கவுண்டிங் பாடங்கள் கூடுதல், போட்டியும் கடுமை. உள்ளே போனால் இடைநிலை மைக்ரோ, இடைநிலை மேக்ரோ, எகனாமெட்ரிக்ஸ் என்று முதுகெலும்பு ஒன்றுதான். வெறும் எகனாமிக்ஸ் போடுங்கள் என்பது என் கட்சி. எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் மட்டும் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: நீங்கள் சேரும் பட்டம் 'எகனாமெட்ரிக்ஸ் மற்றும் அளவுசார் பொருளியல்' குறியீட்டில் பதிவாகியிருந்தால் ஓபிடி எனப்படும், படிப்புக்குப் பின் வேலை செய்யும் அனுமதி 12 மாதத்துக்கு மேல் இன்னும் 24 மாதம் நீளும். பட்டத்தின் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள், துறைக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வயதைக் கணக்கிடுங்கள். 21 ஆனதும் அந்த விசா முடிகிறது. எஃப்-1-க்கு மாறினால் மாநிலவாசிக் கட்டணம் நிலைக்குமா என்பதை ஒவ்வொரு வளாகத்தின் வசிப்புத் தகுதி அலுவலகத்திலும் இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். வெளியாள் என்று முடிவானால் ஆண்டுக்கு 37,000 டாலருக்கு மேல் கூடும்.

கட்டுரைகள் நான்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்ற கேள்வி கட்டாயம். அதில் பங்குச்சந்தை ஆர்வத்தை அளக்காமல், எந்த வகுப்பில் எந்தக் கணக்கு உங்களை உட்கார வைத்தது என்று எழுதுங்கள். சான் ஹோசே ஸ்டேட் போன்ற சிஎஸ்யூ (கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக) வளாகம் ஒன்றையும் பட்டியலில் சேருங்கள். வீட்டிலிருந்தே போய்ப் படிக்கலாம், அந்த மிச்சம் சிறிதல்ல.

கல்லூரிக் கவுன்சிலரின் நேரம் இந்த மாதம் சீக்கிரம் நிரம்பிவிடும். தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக் காலையே போய் வரிசையில் நில்லுங்கள்.