பெயர்ப்பலகை மாறாத கடைகளும் ஏன் படுத்தன?

கேள்வி: மெல்பர்னில் இருக்கும் மகன் என்னைப் பன்னிங்ஸ் கடைக்குக் கூட்டிப்போனான். ஆணியிலிருந்து நாற்றுச்செடி வரை ஒரே கூரையின் கீழ், கூட்டமும் அலைமோதியது. அதே நிறுவனம் பிரிட்டனில் ஒரு கடைத்தொடரை வாங்கி, பெயரை மாற்றி, இரண்டே ஆண்டில் ஒரு பவுண்டுக்குக் கொடுத்துவிட்டதாமே! பழகிய பெயர் போனால் வாடிக்கையாளர்கள் அவ்வளவு கோபித்துக்கொள்வார்களா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ஒரு பவுண்டு என்பது உண்மைதான் ஐயா. பன்னிங்ஸின் தாய் நிறுவனம் வெஸ்ஃபார்மர்ஸ், ஹோம்பேஸ் தொடரை 2016இல் 34 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2018 மே மாதம் ஹில்கோ என்ற நிறுவனத்துக்கு அதைத் தள்ளிவிட்டது. ஆனால் பெயர்தான் கெடுத்தது என்கிறீர்களே, அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

தொடரில் இருந்தவை சுமார் 250 கடைகள். பன்னிங்ஸ் பலகை ஏறியது 24இல் மட்டும். முதலாவது 2017 தொடக்கத்தில், செயின்ட் ஆல்பன்ஸ் நகரில். மற்ற இருநூற்றுச் சொச்சம் கடைகள் கடைசிவரை ஹோம்பேஸ் என்றே இருந்தன. பெயர் போனதுதான் காரணமென்றால் அவை பிழைத்திருக்க வேண்டும். நஷ்டமோ பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது!

அந்தக் கடைகளில் பலகை அப்படியே இருந்தது. உள்ளே இருந்ததுதான் போய்விட்டது. ஹோம்பேஸ் வெறும் இரும்புச் சாமான் கடை அல்ல. திரைச்சீலை, மெத்தை, விளக்கு, சமையலறை அலமாரி என்று வீட்டை அழகுபடுத்த வருபவர்களின் கடை அது. ‘கடைக்குள் கடை’ ஏற்பாடும் உண்டு. அதாவது, வேறொரு நிறுவனம் உள்ளேயே இடம் பிடித்துத் தன் சரக்கைத் தானே விற்பது. லாரா ஆஷ்லி, ஹேபிடாட் ஆகிய பெயர்களைத் தேடியே அங்கு வந்தவர்கள் இருந்தார்கள். புதிய உரிமையாளர்கள் இவற்றை வெளியேற்றினார்கள். மென்மையான வீட்டுப் பொருட்களை ஓரங்கட்டி, துளைக்கருவியையும் மரப்பலகையையும் அடுக்கினார்கள். அடிக்கடி அறிவிக்கப்பட்டுவந்த தள்ளுபடிகளும் நின்று, ‘என்றும் குறைந்த விலை’ வந்தது. எப்போதும் ஒரே மலிவு விலை, தனியாகத் தள்ளுபடி கிடையாது என்ற முறை இது. தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்கிப் பழகியவருக்கு இதில் என்ன ருசி?

சரி, துளைக்கருவி வாங்குபவராவது வந்திருக்கலாமே? அவருக்கு பி அண்ட் கியூ கடைத்தொடர் இருந்தது. கொத்தனார், குழாய் வேலைக்காரர்களுக்கு ஸ்க்ரூஃபிக்ஸ் இருந்தது. இரண்டும் கிங்ஃபிஷர் என்ற ஒரே குழுமத்தின் பிள்ளைகள், பிரிட்டனில் வேரூன்றியவை. இருந்த வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, பிறருடைய வாடிக்கையாளருக்காக வாசலில் நின்ற கதையாயிற்று.

இதையெல்லாம் சொல்லித் தடுக்க அனுபவசாலிகள் உள்ளே இருந்திருக்க வேண்டும். வாங்கிய சூட்டோடு பழைய தலைமை நிர்வாகிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரிட்டனில் தோட்டச் சாமான்களுக்கு வசந்த காலம்தான் பருவம் என்பதும், ஆஸ்திரேலியாவைப் போல ஆண்டு முழுக்க வெளியில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டும் வானிலை அங்கில்லை என்பதும் அந்தப் பழைய நிர்வாகிகளுக்கு மனப்பாடம். இத்தனைக்கும் 2016 ஜனவரியில், ஹோம்பேஸ் பேரம் முடிவான அதே மாதத்தில், ஆஸ்திரேலியாவில் மாஸ்டர்ஸ் என்ற தொடரைக் கைவிடப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. அமெரிக்காவின் லோஸ் நிறுவனத்தைக் கூட்டாளியாகச் சேர்த்துத் தொடங்கப்பட்ட அதைத் தோற்கடித்ததே பன்னிங்ஸ்தான். வெளியூர் அனுபவம் உள்ளூரில் எடுபடாது என்பதற்கு இதைவிட அருகில் சான்று கிடைத்திருக்குமா, தெரியவில்லை.

வாங்கும்போதே ஹோம்பேஸ் திடகாத்திரமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கில் ஒரு பங்குக் கடைகளை மூடப் பழைய உரிமையாளரே 2014இல் முடிவெடுத்திருந்தார். நோயாளி நடமாடிக்கொண்டிருந்தார், படுக்க வைத்தது வைத்தியம். 2018 பிப்ரவரியில் வெஸ்ஃபார்மர்ஸ் நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ‘மதிப்புக் குறைப்பு’ செய்தது. வாங்கிய சொத்து இனி அந்த விலை பெறாது என்று கணக்குப் புத்தகத்திலேயே ஒப்புக்கொள்வது அது. வாங்கியபின் செய்த வேலை மோசமாக இருந்ததை நிறுவனமே பிறகு மறைக்காமல் சொன்னது.

உங்கள் கேள்விக்கு ஒரு பின்குறிப்பும் இருக்கிறது. ஹில்கோ வந்ததும் அந்த 24 கடைகளையும் மறுபடி ஹோம்பேஸ் ஆக்க முடிவெடுத்தது. பழைய பெயர் திரும்பிய அதே 2018இல் 42 கடைகளை மூடவும் திட்டம் வந்தது. 2024 நவம்பரில் ஹோம்பேஸ் நொடித்து, திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது.