ஆடிக் காற்றும் சைக்கிள் செயினும்

கேள்வி: சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். திராட்சைத் தோட்டத்துக்கு நான் ஓட்டுவது அப்பா காலத்து ஹெர்குலிஸ். உரமூட்டை, மருந்து டப்பா எல்லாம் அதன் கேரியரில்தான் போகும். மகள் பள்ளிக்குப் போவது அரசு கொடுத்த சைக்கிளில். கல்லூரியில் படிக்கும் மகன் கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை ஆனால் குமுளி ரோடு, மேகமலை அடிவாரம் என்று கிளம்பிவிடுவான். செயினுக்கு என்ன போடுவது என்பதில்தான் வீட்டில் தகராறு. கடைக்காரர் வேஸ்ட் ஆயிலில் முக்கிய பிரஷ்ஷால் தடவி அனுப்புகிறார். வீட்டம்மா தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார். மகன் ‘ட்ரை லூப்’ என்று சின்னப் பாட்டில் ஒன்றைக் காட்டுகிறான், அதன் விலையில் எனக்கு ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் வரும். நான் எண்ணெய் போட்டால் நாலு நாளில் செயின் கறுத்து மசி ஏறி, கரகரவென்று சத்தம் வருகிறது. மறுபடி போடுகிறேன், மறுபடி சத்தம். நான் போடும் எண்ணெய் போதவில்லையா? எதை வாங்கட்டும்?

— ஒரு வாசகர், தேனி மாவட்டம்

பதில்: போதாமல் இல்லை, கூடிவிட்டது. அதுவும் வேண்டாத இடத்தில் கூடியிருக்கிறது.

செயினில் ஒரே ஒரு கண்ணியை உற்றுப் பாருங்கள். வெளியே இரண்டு தகடு, உள்ளே இரண்டு தகடு. அவற்றைக் கோத்து நிற்கும் பின். பின்னைச் சுற்றி புஷ், புஷ்ஷின் மேல் சுழலும் உருளை. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் கொண்டுவந்த அமைப்பு இது. உங்கள் ஹெர்குலிஸில் இன்றும் ஓடுவது அதேதான். செயின் பல்சக்கரத்தில் ஏறும்போது கண்ணி மடங்குகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. அந்த மடக்கலில் பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று தேய்க்கின்றன. எண்ணெய்க்கு வேலை அந்தத் தலைமயிர் நுழையும் இடுக்கில். வெளித் தகட்டில் பளபளவென்று நிற்பது துருவைக் கொஞ்சம் தடுக்கும், மற்றபடி தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் வால்வைப் பொருத்தித் தேய்க்க ஒரு பசை வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? கடினமான பொடியை எண்ணெயில் குழைத்தது, அவ்வளவுதான். இரும்பை இரும்பால் தேய்த்து எடுப்பதற்கென்றே செய்த சரக்கு. ஈரமான செயினில் நம் ஊர்ப் புழுதி ஒட்டியதும் அதே பசை தயார். சத்தம் வருகிறதே என்று அதன் மேலேயே நீங்கள் எண்ணெய் விடும்போது, வெளியே இருந்த மணலை உள்ளே கழுவி அனுப்புகிறீர்கள். இரண்டு நாள் சத்தம் அடங்கும். பின் தேய்வது அடங்காது.

எந்த எண்ணெய் என்பதற்கு முன் எந்தப் பருவம் என்று கேட்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று, மழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு மலை இறங்குகிறது. கூடலூர், கம்பம் பக்கம் சாரலாவது விழும். கிழக்கே தேனி, ஆண்டிபட்டி என்று போகப் போக வெறும் காற்றும் புழுதியும்தான். அங்கே காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது சும்மா இல்லை. அந்த மாதங்களில் செயினுக்கு வேண்டியது மெல்லிய எண்ணெய், குறைந்த எண்ணெய். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் கதை வேறு. மெல்லிய எண்ணெயைத் தண்ணீர் ஒரே நாளில் கழுவிவிடும், மறுநாள் காலை செயினில் செம்பழுப்புத் துரு நிற்கும். அப்போது கொஞ்சம் கட்டியானது வேண்டும். போடி பக்கத்து வாசகர்களுக்குப் பங்குனி, சித்திரையில் இன்னொரு தொல்லை சேரும். இலவங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சு எண்ணெய்ச் செயினில் வந்து சுற்றிக்கொள்ளும்.

இப்போது உங்கள் வீட்டு வழக்கு.

வேஸ்ட் ஆயில் கூடவே கூடாது. கடைக்காரர் மேல் கோபம் வேண்டாம், ஊரெல்லாம் அதுதான் பழக்கம். சும்மா கிடைக்கிறது, கறுப்பாக இருப்பதால் ‘நன்றாகப் பிடித்திருக்கிறது’ என்று பார்ப்பவருக்கும் தோன்றும். ஆனால் அது ஒரு இன்ஜினில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, கரியும் இரும்புத் துகளும் அமிலமும் சேர்ந்த பிறகு வெளியே வடித்த எண்ணெய். வண்டிக்கு ஆகாது என்று கழித்ததை செயினுக்கு ஊட்டுவது என்ன நியாயம்? தோலில் நாள்கணக்கில் பட்டுக்கொண்டே இருந்தால் புற்றுநோய் வரை கொண்டுபோகும் பொருள்களும் அதில் உண்டு. செயின் கழன்றால் கையால்தான் மாட்டுகிறோம். உங்கள் மகளும் அப்படித்தான் மாட்டுவாள்.

தேங்காய் எண்ணெய் பாவமில்லை, பயனும் அதிகமில்லை. வழியில் கரகரத்தால் இரண்டு சொட்டு விட்டு வீடு வந்து சேரலாம். மார்கழிக் காலையில் குப்பியிலேயே உறைந்து நிற்பது செயினிலும் உறையும். துருவைத் தடுப்பதற்கென்று அதில் எதுவும் சேர்த்திருப்பதும் இல்லை. நல்லெண்ணெய் அதைவிட மோசம், காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகிவிடும்.

விளக்கெண்ணெயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வயசாளி யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார். வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மசியைத்தான் மாட்டுவண்டி அச்சுக்குப் போட்டார்கள். இலவச அறிவுரை என்று அதை ஒதுக்க முடியாது. 1909இல் வேக்ஃபீல்டு கம்பெனி தன் இன்ஜின் எண்ணெய்க்குக் காஸ்ட்ரால் என்று பெயர் வைத்ததே அதில் ஆமணக்கு எண்ணெய் சேர்ந்திருந்ததால்தான். உலோகத்தில் அப்படி ஒட்டி நிற்கும் எண்ணெய் அது. மெதுவாக உருளும், இடைவெளி அகலமான வண்டி அச்சுக்குப் பொருத்தம். சைக்கிள் செயினின் இடுக்கில் அந்தக் கட்டி எளிதில் நுழையாது, கரி கலந்தால் கேட்கவே வேண்டாம். கிரீஸும் இதே காரணத்தால்தான் வேண்டாம். ஹப்புக்கும் பால்ரஸ்ஸுக்கும் கிரீஸ் சரி, செயினில் அது வெளியே அப்பிக்கொண்டு நிற்குமே தவிர உள்ளே போகாது.

துருப்பிடித்த நட்டைக் கழற்ற அடிக்கும் ஸ்பிரேயைச் செயினுக்கு அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வகையில் உலகப் புகழ் பெற்ற டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவின் சான்டியேகோவில் உலோகத்திலிருந்து தண்ணீரை விரட்டுவதற்காகக் கண்டுபிடித்தது. பெயரிலேயே அந்த வேலை இருக்கிறது. நனைந்த செயினைக் காயவைக்க, அழுக்கை இளக்க அருமையானது. பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சும் எண்ணெய்ப் படலம் மெல்லிசு. அடித்துத் துடைத்த பிறகு மேலே வேறு எண்ணெய் விட்டாக வேண்டும்.

சரி, எதைத்தான் வாங்குவது? ஹெர்குலிஸுக்கும் மகளின் சைக்கிளுக்கும் தையல் மெஷின் எண்ணெய். கம்பத்திலும் சின்னமனூரிலும் தையல்காரர்களுக்கு நூல் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். மெல்லியது, நிறமில்லாதது, இடுக்கில் இறங்கும். சீக்கிரம் தீர்ந்துபோவது அதன் குறை, தினமும் ஓட்டினால் வாரம் ஒருமுறை விட வேண்டியிருக்கும். மழை மாதங்களில் அதை வைத்துவிட்டு, மோட்டார் பைக்குக்குப் போடும் 20டபிள்யூ-40 ஆயிலைப் புதிதாக, சீல் உடைத்த கேனிலிருந்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். சர்வீஸில் மிஞ்சிய அடிக்கேன் ஆயிலே மூன்று சைக்கிளுக்கும் அந்த மழைக்காலம் முழுக்கப் போதும்.

மகன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ட்ரை லூப் என்பது மெழுகையோ டெஃப்லானையோ ஆவியாகும் திரவத்தில் கரைத்தோ கலந்தோ வைத்தது. திரவம் பறந்த பின் காய்ந்த படலம் நிற்கும், புழுதி அதிகம் ஒட்டாது. ஆடி மாதத்து ரோட்டுக்கு ஏற்ற சரக்கு. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, முந்தின நாள் ராத்திரியே விட்டு, காலையில் கிளம்ப வேண்டும். விட்ட கையோடு ஓட்டினால் பாதி ரோட்டுக்குத்தான். ஒரு மழை வந்தால் போய்விடும், அதனால் ஐப்பசிக்கு அவனும் ‘வெட் லூப்’ என்று விற்பதற்கோ உங்கள் பைக் ஆயிலுக்கோ மாற வேண்டும். உருக்கிய பாரஃபின் மெழுகில் செயினையே முக்கி எடுக்கும் முறையும் உண்டு. புழுதி ஊருக்கு அதைவிடச் சுத்தமானது கிடையாது. ஆனால் செயினைக் கழற்றி எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவ வேண்டும், மெழுகைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும், பெட்ரோலில் கழுவிய செயின் ஈரத்தோடு அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது. பொறுமை இருக்கும் கல்லூரிப் பிள்ளைக்குச் சரி. தோட்ட வேலைக்கு நடுவில் நீங்கள் இதில் இறங்க வேண்டியதில்லை.

விலை கூடிய எண்ணெய் போட்டால் மிதி லேசாகுமா என்று அவனிடம் கேட்டால் ஆமாம் என்பான். 1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு செயினை ஆய்வுக்கூடத்தில் ஓட்டிப் பார்த்தது. நாம் மிதிக்கும் சக்தியில் 98.6 சதவீதம் வரை செயின் கடத்தியது. இந்த எண்ணெய், அந்த எண்ணெய் என்பதால் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. பல்சக்கரத்தின் அளவும் செயினின் இழுவிசையுமே அங்கே கணக்கை மாற்றின. ஆனால் அது தூசி இல்லாத கூடம். ரோட்டில் எண்ணெயின் பெரிய வேலை, இடுக்கை நிரப்பி அழுக்குக்கு இடம் கொடுக்காமல் இருப்பதும் துருவைத் தள்ளிப்போடுவதும். எண்ணெய்க்குச் செலவழிப்பது வேகத்துக்கல்ல, செயினின் ஆயுளுக்கு.

போடும் முறையில்தான் பாதி பலன். முதலில் பழைய மசியை மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியால் துடைத்து எடுங்கள், ஏறிப்போயிருந்தால் செயின் லாக்கைக் கழற்றி ஊறப்போட்டுப் பிரஷ்ஷால் தேயுங்கள். நன்றாகக் காயட்டும். பிறகு, கீழே ஓடும் செயினின் மேல்பக்கத்தில், உருளைக்கு ஒரு சொட்டு. செயினில் நூற்றுக்கு மேல் உருளை இருக்கும், பொறுமையாகப் போனாலும் ஐந்து நிமிடத்து வேலை. பெடலைப் பின்னோக்கிச் சில சுற்று சுற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், எண்ணெய் உள்ளே இறங்கும். வந்ததும் பழைய பனியன் துணியால் செயினைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். விரலால் தொட்டால் கறை படாத அளவுக்கு. துடைப்பதைப் பார்த்தால் போட்ட எண்ணெயெல்லாம் வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். உள்ளே போனது துணிக்கு வராது. கடையில் ஓவராயிலுக்கு விட்டாலும் இந்தத் துடைப்பைக் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் விடுபடுவது அதுதான்.

புதுச் செயின் வாங்கினால் மட்டும் மண்ணெண்ணெயில் முக்காதீர்கள். தொழிற்சாலையிலேயே உள்ளே மசகு ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு ஓட்டலாம்.

திராட்சைக்காரர் என்பதால் உங்களுக்குத் தனியாக ஒன்று. கேரியரில் மயில்துத்தமும் பொட்டாஷும் போகின்றன அல்லவா? மயில்துத்தக் கரைசலில் போட்ட இரும்பாணியில் செம்பு படிவதைப் பள்ளிக்கூடத்தில் செய்து காட்டியிருப்பார்கள். ஆணியின் இரும்பு கரைந்துதான் அந்தச் செம்பு படிகிறது. பொட்டாஷ் உரத்தில் இருக்கும் குளோரைடு, சாப்பாட்டு உப்பைப் போலவே துருவை விரட்டி விரட்டிக் கொண்டுவரும். மூட்டை ஓட்டையாகி செயினில் சிந்தினால் எண்ணெய் விட்டு மூடாதீர்கள். தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகு எண்ணெய். மூட்டையை ஒரு பாலிதீன் தாளுக்குள் வைத்துக் கட்டினால் இந்த வேலையே இல்லை.

எண்ணெய் வாங்கக் கிளம்பும் முன் மகளிடம் அங்குலம் போட்ட ஸ்கேல் ஒன்றை வாங்கி ஹெர்குலிஸின் செயினை அளந்துவிடுங்கள். செயினை விறைப்பாகப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் தொடக்கத்தை வையுங்கள். பின்னுக்குப் பின் அரை அங்குலம், ஆகவே இருபத்து நாலு தள்ளி வரும் பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். தகடு இழுபட்டு செயின் நீள்வதில்லை, பின்கள் தேய்ந்துதான் நீள்கிறது. கியர் சைக்கிளில் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினாலே மாற்றிவிட வேண்டும். உங்கள் தடிச் செயினுக்கு எட்டில் ஒரு பங்கு வரை பொறுக்கலாம். அதற்கும் மேல் போயிருந்தால் தையல் மெஷின் எண்ணெயோ மகனின் பாட்டிலோ அந்தக் கரகரப்பை நிறுத்தாது. செயினோடு ப்ரீவீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், தேய்ந்த பல்லில் புதுச் செயின் வழுக்கும். மாற்றிய பிறகு எண்ணெய் வாங்கிக்கொள்ளலாம்.